டவர் கிடைக்காத வீடு

அந்தத் தெருவுக்குள் சிபாரிசு இல்லாமல் நுழைந்தது மழை ஒன்றுதான். யார், எவர், எந்த வகையறா என்று விசாரிக்காமல் எல்லார் தலையிலும் ஒரே மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது... விவஸ்தை கெட்ட மழை!

பூட்டிக் கிடந்த தையல் கடையின் தகரச் சாய்ப்புக்குக் கீழே, சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள் அவள். காதில் போன். மறுமுனையில் அம்மா. அம்மாவோடு பேசும்போது மட்டும் அவள் பேச்சே மாறிவிடும். நீளும், குழையும், பிறந்த தெருவின் புழுதி அத்தனையும் வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

"சாப்பிட்டேம்மா... இல்லம்மா, யாருக்கும் தெரியாதும்மா... வெச்சுடறேன்."

வைத்த அதே நொடியில் சாய்ப்புக்குள் ஒரு குடை முதுகைக் காட்டிக்கொண்டு நுழைந்தது. குடைக்குக் கீழே இருந்தவனும் போனில் யாரிடமோ குசுகுசுத்துக்கொண்டிருந்தான். குடைக்கம்பி அவள் மூக்குக்கண்ணாடியைக் கொத்தியது. அது கீழே விழுந்தது. "ஐயோ!" என்று அவன் திரும்பி ஓரடி வைத்தான்.

நறுக்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று சீறினாள்.

"எனக்கு நல்லாத் தெரியுதுங்க..." அவன் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினான். "இனிமே உங்களுக்குத்தான் தெரியாது."

காதல் கதையில் இந்த இடத்தில் கதாநாயகனின் முகத்தை வர்ணிக்க வேண்டும். என்ன செய்வது, அவளுக்குக் கண்ணாடி இல்லை. தெரிந்ததெல்லாம் ஒரு குடை, ஒரு மங்கலான உயரம், மழையிலும் நனையாத ஒரு குரல்... அந்தக் குரலில் ஒரு சிரிப்பு பயந்து பயந்து எட்டிப் பார்த்தது.

"கோச்சுக்காதீங்க. நான் கண்ணாடிக் கடையிலதான் வேலை பாக்கறேன். நாளைக்கு வந்தீங்கன்னா நானே டெஸ்ட் பண்ணி புதுசு போட்டுக் குடுத்துடறேன்."

"நல்ல வியாபாரம்ங்க! தெருவுல நின்னு உடைக்கறது, கடையில உக்காந்து விக்கறது!"

"காசு வேண்டாங்க..."

"பின்ன? அதையும் நான் குடுக்கணுமா?"

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் உதட்டோரம் வழுக்கியது. சட்டென்று இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"மழையில வந்து நின்னு பேசறீங்களே, வீட்டுல பேசக்கூடாதா?" என்றாள்.

"வீட்டுல டவர் கிடைக்கலைங்க. நீங்க?"

"எனக்கும்... டவர் கிடைக்கல."

"எந்த வீடு?"

"அதோ, பச்சை கேட்டு."

"அட! மொட்டை மாடி ரூமுக்குப் புதுசா வந்திருக்கறது நான்தாங்க!"

அவள் உதட்டில் இருந்த கொஞ்சநஞ்சச் சிரிப்பும் உலர்ந்துபோயிற்று. பச்சை கேட்டு வீட்டுக்குள் யார் குடிவர முடியும் என்பது அவளுக்குத் தெரியும். அப்படியானால் இவன்... அவர்களில் ஒருவன். இவன் காதுக்கு எட்டும் தூரத்தில்தான் அவள் இப்போது அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி போனது போகட்டும்... இவன் என்னவெல்லாம் கேட்டிருப்பான்?

பச்சை கேட்டு வீட்டுக்காரருக்குக் குடித்தனக்காரர்கள் வைத்த பெயர் சொற்பொழிவு. பிரார்த்தனை மண்டபத்தில் வாராவாரம் பேசுவார். "ஆண்டவன் சந்நிதியில் உயர்வேது, தாழ்வேது!" என்று அவர் மேசையைக் குத்தினால் முன்வரிசை கண்ணைத் துடைத்துக்கொள்ளும். முன்வரிசையில் யார் யார் உட்காரலாம் என்பதையும் அவர்தான் முடிவு செய்வார்.

வாடகைக்கு வருகிறவர்களிடம் அவர் சாதி கேட்டதே கிடையாது. அது அநாகரிகம். "யார் சொல்லி வந்தீங்க?" என்று மட்டும் கேட்பார். அது ஜாக்கிரதை.

அவள் எக்ஸ்ரே எடுக்கும் பெண். வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா சொல்லித்தான் வீடு பார்க்க வந்தாள். டாக்டரம்மா போனில் சொன்னது, "சத்தம் போடாது, நேரத்துக்கு வாடகை குடுக்கும்" என்பது மட்டும்தான். சொற்பொழிவுக்கு அது போதவில்லை. ஆனால் டாக்டரம்மாவின் வம்சம் போதுமாக இருந்தது. "டாக்டரம்மா நம்மள்ல ஒருத்தங்க. வேற யாரையும் அவங்க அனுப்ப மாட்டாங்க. அப்போ நீ நம்ம பொண்ணு!" என்று அவரே கேள்வி கேட்டு அவரே பதிலும் எழுதி முழு மார்க்கும் போட்டுவிட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். அதுவரை ஏறி இறங்கிய வாசல்கள் எல்லாம் கண்முன் வந்தன. மூடிக்கொண்டாள். பொய் சொல்லவில்லை, சும்மா இருந்தாள். அவ்வளவுதான். அன்று மூடிய வாய்...

அந்த வீட்டுக்கு இரண்டு படிக்கட்டு. முன்னால் வழுவழு கல்படி, அது 'நம்மவர்களுக்கு'. பின்னால் சுருள் சுருளாக ஏறும் இரும்புப் படி. குழாய் சரிசெய்பவர், குப்பை எடுப்பவர், துணி தேய்ப்பவர் எல்லாரும் அதில் ஏறிப் பின்வாசலில் நின்று குரல் கொடுக்க வேண்டும். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்டினால் அது அநாகரிகம் அல்லவா?

வீட்டுக்கார அம்மாவுக்கு முட்டிவலி. சாயங்காலம் பூஜையறையில் விளக்கேற்றும் வேலையை, "நம்ம பொண்ணுதானே" என்று அவளிடமே கொடுத்துவிட்டார். தீக்குச்சி உரசும்போதெல்லாம் அவளுக்குப் பயம். சாமியை நினைத்து அல்ல. சாமிக்கு எல்லாம் தெரியும். ஆனால் சாமி போய் யாரிடமும் சொல்லிவிடாது. முதுகுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள்தான்...

மறுநாள் கண்ணாடிக் கடைக்குப் போனாள். கண் தெரிய வேண்டுமே, வேறு வழி?

இருட்டறை. அவன் சின்ன விளக்கோடு அவள் முகத்தருகே குனிந்தான். மூச்சு படும் தூரம். இப்போது முகம் தெரிந்தது... அடர்ந்த புருவம், தூங்காத கண்கள். எலும்பைப் படம் எடுப்பவள் அவள். கண்ணுக்குள்ளே பார்த்தால் என்னென்ன தெரியும் என்பது யாருக்குத் தெரியும்?

"வெளிச்சம் பட்டா கண்பாப்பா சுருங்கணும்ங்க. உங்களுக்குச் சுருங்கின வேகத்துல மறுபடி விரியுது."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"பயந்தா விரியும்."

"வேற எதுக்கும் விரியாதா?"

அவன் விளக்கை அணைத்தான். "பிடிச்சவங்களைப் பாத்தாலும் விரியுமாம். படிச்சிருக்கேன்... பாத்ததில்ல."

மற்ற கதைகளில் கண்ணை மீன், மான், குவளை என்று எழுதுவார்கள். இவன் ஒரு சீட்டில் மைனஸ் நாலே கால் என்று எழுதினான். எழுத்து ஏனோ கொஞ்சம் கோணிற்று.

அதன் பிறகு சாய்ப்புக்குக் கீழான சந்திப்புகள் வாடிக்கையாயின. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் இருவருக்கும் வீட்டில் டவர் கிடைக்கவில்லை. இவள் தெருவின் இந்தக் கோடியில் பேசுவாள், அவன் அந்தக் கோடியில். பேசி முடித்துவிட்டு நடுவில் வந்து நிற்பார்கள்.

"உங்க கடையில கூட்டமே இல்லையே... இன்னும் யார் கண்ணாடியையும் உடைக்கலையா?"

"ஒண்ணு உடைச்சதுக்கே தூக்கம் போச்சுங்க..."

ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. அவன் கல்படியில் ஏறுவதே இல்லை. சுற்றிக்கொண்டு போய் இரும்புப் படியில்தான் ஏறுவான். சொற்பொழிவு அதைப் பார்த்துப் பூரித்துப்போனார். "பாரு, என்ன எளிமை! நம்ம ஆளுங்க மனசு வெச்சா எந்தப் படியிலயும் ஏறலாம்!"

ஆமாம், பயமில்லாதவர்களுக்கு எல்லாப் படியும் ஒன்றுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். எனக்குத்தான் கல்படியில் ஒவ்வொரு தடவையும் கால் கூசுகிறது. அவனைப் பிடித்திருந்தது... அதனாலேயே அவனைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது. தெரிந்தால் இந்தக் கண்களே எப்படி மாறும்!

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு ஓர் இளைஞனைக் கூட்டி வந்தார்கள். முன்கை வீங்கித் தொங்கியது.

"எப்படி அடிபட்டுச்சு?"

"படியில விழுந்துட்டேன்."

படம் எடுத்துப் பார்த்தாள். படியில் விழுகிறவன் கையை ஊன்றுவான், மணிக்கட்டில் உடையும். இது முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, குறுக்காக. தலையைக் காப்பாற்றக் கையைத் தூக்கியவனுக்கு உடைகிற இடம். கூட வந்த அவன் தாய் அவள் காதருகே வந்து, "இவன் பழகின பொண்ணு அவங்க வீட்டுப் பொண்ணும்மா... வெளிய சொல்லிடாதம்மா" என்று கும்பிட்டாள்.

சாயங்காலம் விளக்கேற்றப் போனபோது கூடத்தில் மச்சினர் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கார அம்மாவின் தம்பி. ஜீப்பும் நாலு ஆட்களும் வைத்திருப்பவர். சொற்பொழிவு பேசுவார், மச்சினர் செய்வார். குடும்பத்துக்குள் அப்படி ஒரு வேலைப் பங்கீடு.

"அந்தப் பய இனிமே நம்ம பொண்ணுங்க பக்கம் திரும்ப மாட்டான் மாமா. படியில விழுந்துட்டான்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"எனக்கு எதுவும் காதுல விழல," என்றார் சொற்பொழிவு. கையிலிருந்த உரைக் குறிப்பில், 'அன்பே சமயத்தின் ஆணிவேர்' என்ற வரிக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தார். கோடு நேராகவே விழுந்தது.

அவள் கையில் தீக்குச்சி கரியும்வரை எரிந்தது.

"இங்க வாம்மா," என்றார் வீட்டுக்கார அம்மா. முகமெல்லாம் பல். "உனக்கும் மாடித் தம்பிக்கும் பேசி முடிக்கலாம்னு இருக்கோம். தெருவுல நின்னு பேசிக்கறீங்களாமே? வெக்கப்படாத. அந்தப் பிள்ளையும் நம்மள்ல ஒருத்தன்தான். அவன் முதலாளியும் நம்ம ஆளு, அவர் சொல்லித்தான் வந்தான்."

"வேண்டாம்மா... எனக்கு இப்போ..."

"பாத்தீங்களா, வெக்கத்தை!" என்றார் மச்சினர். "ஞாயித்துக்கிழமை நம்ம ஜீப்புலயே எல்லாரும் உங்க ஊருக்குப் போறோம். முன்னாடி சொல்லிடாத, திடீர்னு போய் நின்னு உங்க அப்பா முகத்தைப் பாக்கணும்!"

"அட்ரஸ்... கொஞ்சம் சுத்து வழி..."

"அட்ரஸ் என்ன பெரிய அட்ரஸ்! உங்க ஆஸ்பத்திரியிலயே வாங்கிட்டேன்ல!"

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜீப் அவள் பிறந்த தெருவுக்குள் திரும்பும். சாக்கடை அள்ளிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் அப்பா எழுந்து நிற்பார். ஜீப்பைக் கண்டாலே எழுந்து நிற்கிற பழக்கம். இரண்டு கையையும் தூக்கிக் கும்பிடுவார்... அந்த முன்கைகள்... உடைக்க எவ்வளவு வசதியாக!

காலையில் அவனைக் கேட்டருகே மறித்தாள்.

"எனக்கு இந்தச் சம்பந்தத்துல இஷ்டமில்ல. நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

"அப்... அப்படியாங்க?" அவன் விட்டான் பாருங்கள் ஒரு மூச்சு... மூட்டை இறக்கிய கூலிக்காரன்கூட அப்படி விடமாட்டான்!

வேண்டாம் என்றது அவள்தான். ஆனால் அவன் இவ்வளவு சந்தோஷமாக ஒத்துக்கொண்டது சுருக்கென்று தைத்தது. கொஞ்சமாவது கெஞ்சக்கூடாதா மனுஷன்?

இருவரும் மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தார்கள். வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பொருத்தத்தைப் பாரேன், மாட்டேங்கறதைக்கூட ஒண்ணா சொல்லுதுங்க!"

வெள்ளிக்கிழமை சாயங்காலம். மறுபடியும் மழை. தகரத்தின் மேல் யாரோ கைகொள்ளாமல் கூழாங்கல் கொட்டுவது போல... அவள் முன்னதாகவே வந்து நின்றாள். அவன் வந்தான். புதுக் கண்ணாடி வழியே எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. அவன் புருவத்தில் நின்ற துளி, சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது, அவன் முகத்தில் இருந்த...

பயமா அது? இவனுக்கு என்ன பயம்?

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு என்னை என்ன வேணா பண்ணுங்க. எங்கப்பாவை மட்டும் விட்டுடச் சொல்லுங்க."

"என்னங்க இது..."

"நான் உங்க ஆளு இல்லீங்க. நான் கல்படியில ஏற வேண்டியவ இல்ல. எங்கப்பா சாக்கடை அள்ளறவரு. அவங்களா ஒண்ணு நினைச்சுக்கிட்டாங்க... நான் சும்மா இருந்துட்டேன். தினம் அந்தச் சாமிக்கு விளக்கேத்தினது இந்தக் கைதான். ஞாயித்துக்கிழமை ஜீப்பு அங்க போகக் கூடாதுங்க. நீங்க நினைச்சா நிறுத்தலாம். உங்க பேச்சைக் கேப்பாங்க."

அவன் தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தான். இந்தக் கோடியைப் பார்த்தான். கையிலிருந்து குடை நழுவிச் சாக்கடையோரம் உருண்டது. அதை எடுக்கவில்லை. போனை எடுத்தான்.

போச்சு... கூப்பிடப் போகிறான்... அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"மொட்டை மாடி ரூம்ல டவர் எவ்வளவு காட்டும் தெரியுமா?"

கண்ணைத் திறந்தாள். "என்ன?"

"முழுசா காட்டும். ஒரு கோடு குறையாது." அவன் குரல் உடைந்திருந்தது. "உங்க ரூம்லயும் அப்படித்தான் இருக்கும். நீங்க ஏன் தெருவுக்கு வந்து பேசறீங்கன்னு நான் ஒரு நாளும் யோசிக்கலைங்க. நான் ஏன் வந்து பேசறேன்னு நீங்களும் யோசிக்கல..."

மழைச் சத்தம் சட்டென்று தூரப் போய்விட்டது போலிருந்தது. அம்மாவோடு பேச ஒரு தெருக்கோடி... முதலாளியின் சிபாரிசு... அப்புறம் அந்த...

"இரும்புப் படி!" என்றாள்.

"காலு தானாப் போகுதுங்க. பொறந்ததுலேர்ந்து பழகின காலு."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. "அப்போ இஷ்டமில்லைன்னு நான் சொன்னப்போ அவ்வளவு பெரிய மூச்சு விட்டீங்களே!"

"அது உயிர் தப்பிச்சுதேன்னு விட்ட மூச்சு. ரூமுக்குப் போய் விட்டது வேற மூச்சுங்க..." கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, வேண்டாத இடத்தில் போய் நாக்கு நின்றது. "அப்போ... நீங்க எந்த..."

அவள் சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள்.

"கேக்காதீங்க."

"கேட்டா என்ன?"

"நம்மள்ல ஒருத்தர் மேல போயிடுவோம், ஒருத்தர் கீழ."

அவன் அவள் உள்ளங்கைக்குள்ளேயே சிரித்தான். அந்தச் சிரிப்பின் வெதுவெதுப்பு அவள் விரல்களில் இருந்தபோதே, தெருத்திருப்பத்தில் இரண்டு விளக்குகள் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தன. நேராக அவர்கள் முகத்தில் விழுந்தன.

ஜீப்.

கை இறங்கிவிட்டது. ஓட இடமில்லை. பின்னால் பூட்டிய கடை, முன்னால் வெளிச்சம்.

"அடடடா!" மச்சினர் கண்ணாடியை இறக்கினார். "மழையில நனைஞ்சுகிட்டு என்ன குசுகுசுப்பு? ஏறுங்க ஏறுங்க, வீட்டுல விடறேன்."

"பரவாயில்லைங்க... நடந்தே..."

"ஏறுங்கறேன்ல!"

ஏறினார்கள்.

"பாத்தும்மா," என்றார் மச்சினர் பரிவோடு. "படியில விழுந்துடப் போறே."

பின்சீட்டில் உட்கார்ந்ததும் அவள் காலில் ஏதோ சில்லென்று பட்டது. குனிந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. நீளம், கனம், இரும்பு. ஜீப் குலுங்கும்போதெல்லாம் அது உருண்டு வந்து ஒருமுறை அவள் காலைத் தொட்டது, ஒருமுறை அவன் காலை.

"நாளைக்கு விடியறதுக்குள்ள எங்கப்பா அம்மாவை அங்கேர்ந்து கிளப்பணும்," என்று உதடு அசையாமல் சொன்னாள்.

"எங்க அம்மாவையும்," என்றான் அவன், அதைவிட மெதுவாக. "டாக்டரம்மாகிட்ட கேக்கலாமா?"

தலையசைத்தாள். டாக்டரம்மா என்ன சொல்வாரோ... வேறு யார் இருக்கிறார்கள்?

"என்ன அங்க ரகசியம்?" மச்சினர் முன்னால் தொங்கிய கண்ணாடியில் அவர்களைப் பார்த்தார். "சரி, நேருக்கு நேர் கேக்கறேன். தம்பி, பொண்ணு புடிச்சிருக்கா, இல்லையா?"

ஜீப்புக்குள் மழைத்துடைப்பான் மட்டும் கிறீச்... கிறீச் என்றது. அவன் மச்சினரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். கண்பாப்பா விரிந்து கிடந்தது. பயத்துக்கா, மற்றதுக்கா? இனிமேல் இரண்டையும் பிரித்துப் பார்க்க எந்த விளக்காலும் முடியாது.

"ரொம்பப் புடிச்சிருக்குங்க," என்றான். "உயிரா."

"அப்படிச் சொல்லு! உனக்கும்மா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் தெருவில் ஒரு நிஜத்தை உரக்கச் சொல்லப் போகிறாள். அதுவும் இந்த ஆளிடம்.

"எனக்கும் புடிச்சிருக்கு. கண்ணாடி உடைஞ்ச அன்னிலேர்ந்து."

மச்சினர் ஸ்டீயரிங்கைக் குத்திக்கொண்டு சிரித்தார். "ரத்தம்னா ரத்தம்தான்யா! எங்க இருந்தாலும் தன் ஆளைத் தானே கண்டுபிடிச்சுக்கும் பாரு!"

இருட்டில் அவன் கை வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது. இரண்டும் ஒரே குளிரில்.

அப்போது அவள் மடியில் போன் அதிர்ந்தது. திரையில் வெளிச்சமாக... அம்மா.

"யாரு, வீட்டுலேர்ந்தா?" மச்சினர் உற்சாகமாகக் கையைப் பின்னால் நீட்டினார். "ஸ்பீக்கர்ல போடு. சம்பந்தியம்மாகிட்ட நானே ரெண்டு வார்த்தை பேசிடறேன்!"

அவள் கட்டைவிரல் அழுத்தியது. திரை இருண்டது.

"டவர் கிடைக்கலைங்க," என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.